900 டிகிரியில் பாறைக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது? கங்குவார்பட்டிப் பாறையிலிருந்து ஒரு கேள்வி

மலைச்சாலை — திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நிலவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் கள ஆய்வுக்காக வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலைப் பக்கம் போயிருந்தோம். கங்குவார்பட்டி அருகே கருநீலப் பொட்டுகள் தெரியும் ஒரு பாறைத் துண்டை ஆசிரியர் என் கையில் வைத்தார். அந்தப் பொட்டு சஃபிரின் என்ற கனிமம். குவார்ட்ஸும் சஃபிரினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தப் பாறை 900 டிகிரி செல்சியசைத் தாண்டி வெந்திருக்கிறது என்று அர்த்தம். ஆழம் ஏறத்தாழ 30 கி.மீ. காலம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா கண்டம் ஒன்றுகூடிய சமயம்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இன்று பழைய கண்டப் பகுதிகளில் 30 கி.மீ. ஆழத்தில் பொதுவாக 400, 500 டிகிரிதான் இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கூடுதல் வெப்பம் எங்கிருந்து வந்தது? வந்ததுகூடப் பரவாயில்லை, எப்படித் தங்கியது? பாறையின் வெப்ப விரவுதிறன் (வெப்பநிலை மாற்றம் உள்ளே பரவும் வேகத்தைக் காட்டும் எண்) விநாடிக்கு 1 சதுர மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறது. 30 கி.மீ. தடிமனை அதே எண்ணால் கணக்குப் போட்டால் (தடிமனின் வர்க்கத்தை விரவுதிறனால் வகுத்தால்) ஏறத்தாழ 2.85 கோடி ஆண்டில் வெப்பம் மேலே வந்துவிடுகிறது. மலைகள் உருவாகும் நிகழ்வே பல கோடி ஆண்டு நடப்பது. அவ்வளவு காலம் 900 டிகிரி எப்படி நிலைத்தது?

அந்த "1" என்ற எண் 900 டிகிரியிலும் சரிதானா என்பதுதான் என் சந்தேகம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உலைக்காரர் — திங்கள், இரவு 9:50

தம்பி, உங்க சந்தேகம் சரியான இடத்துல நிக்குது. அந்த 1 குளிர்ந்த கல்லுக்கான எண். சூடான கல்லுக்கு அது பொருந்தாது.

நான் 31 வருஷம் நெருப்புச்செங்கல் தொழில்ல இருந்தவன். பாறை பத்தி படிச்சதில்லை. ஆனா அடர்த்தியான அலுமினா, மக்னீசியா செங்கல் எல்லாம் சூடு ஏற ஏற வெப்பத்தைக் கடத்துறது குறையும். இது எங்களுக்கு அன்றாட விஷயம். சுத்தமான அலுமினா அறை வெப்பத்துல மீட்டருக்கு 30 வாட் போலக் கடத்தும். 1000 டிகிரியில அது 6-க்கு இறங்கிடும். உலைச்சுவர் தடிமன் கணக்குப் போடுறப்ப குளிர் எண்ணைப் போட்டுட்டா, வெளிச்சுவர் எவ்வளவு சுடும்னு நீங்க நினைக்கிறதும் நிஜத்துல சுடுறதும் ஒத்தே வராது. சேர்ந்த புதுசுல எனக்கு இதை ஒரு மூத்த மேஸ்திரிதான் சொல்லிக்கொடுத்தார். உற்பத்தியாளர் தர்ற தாள்ல எந்த வெப்பநிலைக்கான எண்ணுன்னு பார்க்காம எதையும் எடுக்காதேன்னு.

ஒண்ணு மட்டும் கவனிங்க. துளை நிறைய இருக்கிற லேசான காப்புச் செங்கல் இதுக்கு நேர் எதிர். சூடு ஏறினா அது அதிகமாக் கடத்தும். ஓட்டைக்குள்ள ஒரு பக்கச் சுவர்லருந்து மறுபக்கத்துக்கு வெப்பம் கதிரா பாயும். அந்தக் கதிர்வீச்சு வெப்பநிலையோட வேகமா ஏறும்.

---

வெப்பவியல் வாத்தியார் — திங்கள், இரவு 11:05

உலைக்காரர் சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில் வெப்பத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள். பாறையில் அப்படித் திரியும் எலெக்ட்ரான் கிடையாது. அங்கே வெப்பத்தைச் சுமப்பது படிகத்தின் அதிர்வு. ஒரு முனையில் அணுக்கள் அதிர்ந்தால் அந்த அதிர்வு அலையாக மறுமுனைக்குப் போகிறது. இந்த அதிர்வு அலையின் ஒரு பொட்டலத்தை ஃபோனான் என்கிறோம்.

தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அமைதியான நீரில் ஒரு கல் போட்டால் வட்ட அலை அக்கரைப் படி வரை குலையாமல் போகும். நாலாபக்கமும் இருந்து நூறு பேர் கல் போட்டால் எந்த அலை எங்கே போகிறது என்று சொல்லவே முடியாது. இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குளத்தின் சிற்றலைகள் ஒன்றை ஒன்று ஊடுருவிக் கடந்துவிடும், அவற்றுக்குள் மோதல் இல்லை. படிகத்துக்குள் அப்படியல்ல. அணுக்களை இணைக்கும் பிணைப்பு சீரான சுருள்வில் இல்லை. இழுத்தால் ஒரு மாதிரி, அழுத்தினால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சிதறுகின்றன. பாறை சூடானால் விரிவதற்கும் இதே சீரின்மைதான் காரணம். பிணைப்பெல்லாம் முற்றிலும் சீரான சுருள்வில்லாக இருக்கும் ஒரு படிகம் இருந்தால் அது விரியவும் விரியாது, அதற்குள் ஃபோனான்களும் மோதிக்கொள்ளாது.

வெப்பநிலை ஏறினால் ஃபோனான்களின் எண்ணிக்கை ஏறும். மோதல் கூடும். ஒவ்வொன்றும் தடையின்றிப் போகும் தூரம் குறையும். எளிய கணக்கில் இது தனிவெப்பநிலைக்கு நேர் எதிர் விகிதம். 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின், 627 டிகிரி என்பது 900 கெல்வின். வெப்பநிலை மும்மடங்கு, ஆகவே அந்தத் தூரம் மூன்றில் ஒன்று. ஆனால் இது முடிவில்லாமல் குறைந்துகொண்டே போகாது. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் உள்ள இடைவெளியை விடக் குறைய அதற்கு இடமில்லை. அங்கே தரை தட்டிவிடும்.

கண்ணாடி தொடக்கத்திலேயே அந்தத் தரையில்தான் நிற்கிறது. அதற்குள் ஒழுங்கான படிக அடுக்கு இல்லை. எரிமலைக் கண்ணாடியை அளந்தால் எண் முதலிலிருந்தே தாழ்வு, சூடேற்றினாலும் பெரிதாக மாறாது.

---

சட்டிச்சோறு — செவ்வாய், காலை 6:40

நான் படித்தது வணிகவியல். ஆனாலும் இந்த இழையை முழுதாகப் படித்தேன். ஒரு கேள்வி கேட்கலாமா? எங்கள் வீட்டில் மாக்கல்லில் குடைந்த கல்சட்டி மூன்று தலைமுறையாக இருக்கிறது. வத்தக்குழம்பு வைத்து அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். பாறை வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால்தானா? அப்படியென்றால் அடியிலிருந்து வெப்பம் குழம்புக்கு வருவதும் கஷ்டமாக இருக்க வேண்டுமே?

---

ஆய்வகத்தேனீ — செவ்வாய், காலை 8:15

சட்டிச்சோறு அக்கா, நல்ல கேள்வி. முதலில் இதைத் தெளிவாக்கிவிட்டால் மலைச்சாலையின் கேள்வியும் பாதி தீரும்.

இரண்டு எண்கள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெப்பக் கடத்துதிறன் என்பது எவ்வளவு வெப்பம் பாய்கிறது என்பது. வெப்ப விரவுதிறன் என்பது ஒரு வெப்பநிலை மாற்றம் எவ்வளவு வேகமாக உள்ளே பரவுகிறது என்பது. முதலாவதை அடர்த்தியாலும் தன் வெப்ப ஏற்புத்திறனாலும் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) வகுத்தால் இரண்டாவது வரும். பாய்ந்து வரும் வெப்பத்தில் பெரும்பகுதியைப் பாறை தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே எடுத்துக்கொண்டால், அடுத்த அடுக்குக்குச் செய்தி தாமதமாகத்தான் போகும்.

மாக்கல்லின் விரவுதிறன் விநாடிக்கு ஏறத்தாழ 1 சதுர மி.மீ. வார்ப்பிரும்புக்கு 15 போல. 15 மி.மீ. கனமுள்ள உங்கள் சட்டியின் அடிக்கு 15-இன் வர்க்கம் 225. அதாவது 225 விநாடி, கிட்டத்தட்ட நாலு நிமிடம். 4 மி.மீ. இரும்புச் சட்டிக்கு ஒரு விநாடிதான். அதனால் கல்சட்டி சூடாக நேரம் எடுக்கும். சூடான பிறகு அவ்வளவு கனத்திலும் தேங்கிய வெப்பம் குழம்புக்குள் மெல்ல இறங்கும். அணைத்த பிறகும் கொதிப்பது அதனால்தான். புதுச் சட்டியைக் கஞ்சி ஊற்றி நாள் கணக்கில் பழக்குவார்களே, எடுத்த உடனே பெருந்தீயில் வைக்க மாட்டார்களே, அதற்கும் இதுதான் காரணம். அடி சூடாகி விரிந்துவிடும், மேல்விளிம்புக்குச் செய்தியே போயிருக்காது. கல் பிளந்துவிடும்.

மலைச்சாலை, உங்களுக்கு இரவில் விரிவாக எழுதுகிறேன். விரவுதிறன் அளக்கும் கருவிதான் என் அன்றாட வேலை.

---

கல்லுடைத்தவர் பேரன் — செவ்வாய், பகல் 1:30

ஆய்வகத்தேனீ அக்கா சொன்ன கடைசி விஷயத்தை என் தாத்தா தலைமுறை தொழிலாகவே செய்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊர். வெடியும் கம்பி ரம்பமும் வருவதற்கு முன் மொட்டைப் பாறை மேல் விறகைப் பரப்பி எரித்துப் பலகை உரித்தார்கள். தீயை ஒரே இடத்தில் போட்டு வைப்பதில்லை. வரிசையாகப் போட்டு மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போவார்கள். பக்கத்தில் ஒருவர் சுத்தியால் பாறையைத் தட்டிக்கொண்டே இருப்பார். பாறை ஒட்டியிருந்தால் கெட்டியான சத்தம். அடியில் விட்டுவிட்டால் பொத்தென்று வேறு சத்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தீயை முன்னே தள்ளுவார்கள். தாத்தாவுக்குக் கண் மங்கிய பிறகும் சத்தத்தை வைத்தே பலகையின் கனம் சொல்வார்.

1890-களில் பெங்களூர்ப் பக்கம் இதே முறையை நேரில் பார்த்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு இருக்கிறது. ஏழு அடி நீளத் தீவரிசையில் தொடங்கியிருக்கிறார்கள். தீ மணிக்கு ஏறத்தாழ ஆறு அடி நகர்ந்தது, பாறை மேற்பரப்புக்கு 5 அங்குலம் கீழே பிளந்தது, 8 மணி நேரத்தில் 740 சதுர அடிப் பலகை ஒன்று தனியாக வந்தது. சுத்தியால் தட்டிப் பார்த்து நகர்த்தினார்கள் என்பதும் அதில் இருக்கிறது. படித்தபோது தாத்தா ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு கேள்வி: அந்த 5 அங்குலம்தான் வெப்பம் இறங்கிய ஆழமா?

---

வெப்பவியல் வாத்தியார் — செவ்வாய், பகல் 2:10

இல்லை, அதுதான் இதில் அருமையான விஷயம். ஒரு மணி நேரம் 3,600 விநாடி. அதன் வர்க்கமூலம் 60; விரவுதிறன் 1 என்று கொண்டால் அது 60 மி.மீ. ஆக, ஒரு மணி நேரத்தில் வெப்பம் கணிசமாக இறங்குவது 6 செ.மீ. அளவுதான். 5 அங்குலம் என்பது 12.7 செ.மீ. அந்த ஆழத்தில் பாறை இன்னும் கிட்டத்தட்ட குளிர்ந்தே இருக்கிறது. சூடான மேல் அடுக்கு விரியப் பார்க்கிறது. பக்கவாட்டில் இடமில்லை, எனவே மேல்நோக்கி வளைகிறது. வளைகிறபோது தனக்குக் கீழே இருக்கும் குளிர்ந்த கல்லையும் கொஞ்சம் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. தீயை நகர்த்தாமல் ஒரே இடத்தில் விட்டிருந்தால் மேல்தோல் சில்லுச் சில்லாகத் தெறித்திருக்கும், பலகை வந்திருக்காது. பாறையின் விரவுதிறன் என்ன என்று உங்கள் தாத்தாவின் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

---

ஆய்வகத்தேனீ — செவ்வாய், இரவு 10:20

மலைச்சாலை, சொன்னபடி வந்துவிட்டேன்.

நாங்கள் பயன்படுத்துவது லேசர் ஒளிர்வு முறை. 1961-இல் பார்க்கர், ஜென்கின்ஸ், பட்லர், அபட் என்ற நால்வர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் ஒளிர்வு விளக்கை வைத்து உருவாக்கிய முறையின் இன்றைய வடிவம் இது. பாறையை ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள சிறு வில்லையாக அறுத்து உலைக்குள் வைத்து, வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அடிப்பக்கத்தில் ஒரு நொடிப்பொழுது லேசர் அடிக்கிறோம். மேற்பக்கம் சூடாவதை அகச்சிவப்பு உணரி பார்த்துக்கொண்டிருக்கும். மேற்பக்கம் தன் உச்சத்தில் பாதியை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பது மட்டும் போதும். கனத்தின் வர்க்கத்தை 0.1388-ஆல் பெருக்கி அந்த நேரத்தால் வகுத்தால் விரவுதிறன் கிடைத்துவிடும். ஒரு மி.மீ. வில்லையில் விரவுதிறன் 1 என்றால் 0.139 விநாடி ஆகும். 0.5 என்றால் இரு மடங்கு, 0.278 விநாடி.

பழைய முறைகளில் பாறையை இரண்டு தகடுகளுக்கு நடுவில் இறுக்கி அளப்பார்கள். தகடும் கல்லும் சேரும் இடத்தில் வெப்பம் தடைபடும். அதனால் எண் குறைத்துக் காட்டும். உயர் வெப்பநிலையில் கதிர்வீச்சு படிகத்தை ஊடுருவிப் போய் எண்ணைக் கூட்டிக் காட்டும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசை, எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கஷ்டம். லேசர் முறையில் எதுவும் கல்லைத் தொடுவதில்லை. வில்லைக்குக் கிராஃபைட் பூசி லேசர் நேரே ஊடுருவாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இதே முறையில் அமெரிக்காவின் விட்டிங்டன், ஹோஃப்மைஸ்டர், நபெலெக் மூவரும் கண்டமேலோட்டுப் பாறைகளை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். அறை வெப்பத்தில் விரவுதிறன் 1.5 முதல் 2.5 வரை. மேலோட்டின் நடு ஆழத்து வெப்பநிலைக்குப் போனால் அது 0.5 பக்கம் இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் சூடேற்றினாலும் பெரிய மாற்றமில்லை. வாத்தியார் சொன்ன "தரை தட்டுவது" இதுதான். ஆக, புத்தகத்தில் இருக்கும் 1 என்ற எண் மேலே இருக்கும் குளிர்ந்த பாறைக்கும் பொருந்தவில்லை, கீழே இருக்கும் சூடான பாறைக்கும் பொருந்தவில்லை. இது என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துகிற விஷயம்.

குவார்ட்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாறைக் கனிமங்களில் நல்ல கடத்தி அது. அறை வெப்பத்தில் ஃபெல்ஸ்பார் மீட்டருக்கு 2 வாட் சுற்றிக் கடத்தினால், குவார்ட்ஸ் சராசரியாக 7-க்கு மேல். கிரானைட்டின் கடத்துதிறனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதில் எவ்வளவு குவார்ட்ஸ் இருக்கிறது என்பதுதான். சூடு ஏறும்போது மிக வேகமாகச் சரிவதும் அதுவே. 573 டிகிரியில் அதன் படிக அமைப்பே மாறுகிறது. அந்த இடத்தில் வெப்ப ஏற்புத்திறன் சட்டென்று உயர்ந்து இறங்கும், விரவுதிறனில் ஒரு பள்ளம் விழும். அறை வெப்பத்திலிருந்து அங்கே போவதற்குள் குவார்ட்ஸின் கன அளவு 4 சதவீதத்துக்கு மேல் பெருத்துவிடும். பக்கத்திலிருக்கும் ஃபெல்ஸ்பார் அவ்வளவு பெருக்காது. அதனால் மணிகளுக்கு நடுவே நுண்விரிசல் விழும்.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு எனக்கு நடந்தது. ஒரு கிரானைட் வில்லையை அவசரமாக 700 வரை ஏற்றி, குளிரவிட்டு, மறுபடி அறை வெப்பத்தில் அளந்தேன். முதலில் வந்த எண்ணை விட வெகுவாகக் குறைந்திருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் பிரித்து மேய்ந்தேன். வில்லையை நுண்ணோக்கியில் வைத்த பிறகுதான் தெரிந்தது, மணி மணியாக விரிசல். அந்த எண் விரிசல் விழுந்த கல்லின் எண். ஆழத்தில் பாறையைச் சுற்றி இருக்கும் அழுத்தம் அந்த விரிசல்களைத் திறக்கவே விடாது. எனவே ஆய்வகத்தில் இரண்டாம் முறை வரும் எண்ணை 30 கி.மீ. ஆழத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

---

மலைச்சாலை — செவ்வாய், இரவு 11:00

அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் 1-க்குப் பதில் 0.5 போட்டால் என் 2.85 கோடி 5.7 கோடி ஆகிறது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது!

---

வெப்பவியல் வாத்தியார் — புதன், காலை 5:55

அவசரப்படாதீர்கள். 30 கி.மீ. முழுவதும் சூடாக இல்லை. மேல் 10 கி.மீ. குளிர்ந்த பாறை, அங்கே விரவுதிறன் 1-ஐ விடக் கூடுதல்.

இன்னொன்று. விரவுதிறன் மூன்று நான்கு மடங்கு குறைகிறது என்றால் கடத்துதிறனும் அதே அளவு குறைகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சூடானால் பாறையின் வெப்ப ஏற்புத்திறன் கூடுகிறது. கிலோவுக்கு 780 ஜூல் இருந்தது 1,200 பக்கம் போய்விடுகிறது. விரவுதிறன், வெப்ப ஏற்புத்திறன், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். குளிரில் மீட்டருக்கு 3.2 வாட், சூட்டில் 1.6. கடத்துதிறன் பாதியாகத்தான் குறைகிறது. ஒரு வெப்பநிலை மாற்றம் எவ்வளவு நாளில் பரவும் என்று கேட்டால் விரவுதிறனை எடுங்கள். மாற்றமெல்லாம் ஓய்ந்து நிலைபெற்ற பிறகு ஆழத்தில் எவ்வளவு சூடு இருக்கும் என்று கேட்டால் கடத்துதிறனை எடுங்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு கைக்கணக்கு தருகிறேன். தாளில் போட்டுப் பாருங்கள்.

கீழிருந்து ஒரு சதுர மீட்டருக்கு 0.06 வாட் வெப்பம் ஏறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு 300 கெல்வின். கடத்துதிறன் எங்கும் 3 என்றால் கி.மீ.க்கு 20 டிகிரி. 30 கி.மீ. ஆழத்தில் 900 கெல்வின், அதாவது 627 டிகிரி செல்சியஸ்.

இப்போது கடத்துதிறன் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது என்று வையுங்கள். 300 கெல்வினில் 3, 900 கெல்வினில் 1.73. அளவீடுகளுக்கு ஓரளவு நெருக்கமான அனுமானம்தான். தொகையிட்டால் ஆழத்தோடு சீராக ஏறுவது வெப்பநிலை அல்ல, அதன் வர்க்கமூலம். மேலே அது 17.32. 15 கி.மீ.யில் 25.98. 30 கி.மீ.யில் 34.64. வர்க்கப்படுத்துங்கள்: 15 கி.மீ.யில் 675 கெல்வின், 30 கி.மீ.யில் 1,200 கெல்வின். செல்சியசில் 402, 927.

மாறாத கடத்துதிறன் கணக்கோடு ஒப்பிட்டால் 15 கி.மீ.யில் வித்தியாசம் வெறும் 75 டிகிரி. 30 கி.மீ.யில் அது 300 டிகிரி! வெப்பம் கூடுதலாக ஒரு துளியும் தரவில்லை. பாறை சூடானதாலேயே கடத்துவது குறைந்து, அதனாலேயே இன்னும் சூடாகியிருக்கிறது.

---

கல்லுடைத்தவர் பேரன் — புதன், காலை 7:20

இதைப் படித்துவிட்டு இரண்டு முறை கால்குலேட்டரில் போட்டேன். 927 தான் வருகிறது.

---

அடித்தளப்பாறை — புதன், காலை 10:45

வாத்தியார் ஐயாவின் கணக்கை மதிக்கிறேன், ஆனால் ஒரு மறுப்பு. 0.06 வாட் முழுவதும் 30 கி.மீ. அடியிலிருந்தே வருகிறது என்று எடுத்திருக்கிறீர்கள். கண்டங்களில் மேற்பரப்பில் அளக்கும் வெப்பப் பாய்வில் பெரும்பங்கு மேலோட்டுக்குள்ளேயே யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் உண்டாவது. அதைக் கழித்துவிட்டால் அடியில் பாய்வது அதில் பாதிகூட இருக்காது. அப்போது 927 வராது.

இந்தப் பாறைகளை இவ்வளவு வேக வைத்தது மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கிலிருந்து ஏறி வந்த மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) என்பதுதான் என் கருத்து. 1,200 டிகிரி பசால்ட் குழம்பு மேலோட்டின் அடியில் வந்து தங்கினால் கடத்துதிறன் பற்றிய நுணுக்கமெல்லாம் இரண்டாம் பட்சம்.

---

வெப்பவியல் வாத்தியார் — புதன், பகல் 12:30

உங்கள் முதல் மறுப்பு முழுக்கச் சரி. பழைய கண்டத்தின் சாதாரண நிலைக்கு என் கணக்கு பொருந்தாது. விளைவின் பருமன் எவ்வளவு என்று காட்டவே அதைப் போட்டேன், கங்குவார்பட்டியின் வரலாறாக அல்ல. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

---

மலைச்சாலை — புதன், மாலை 6:15

அடித்தளப்பாறை ஐயா, மாக்மா பற்றி எங்கள் ஆசிரியரிடமும் கேட்டேன். பழனிமலைப் பகுதியில் அந்தக் காலத்தைச் சேர்ந்த, அவ்வளவு பெரிய பசால்ட் வகைப் பாறைத் திரள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆழத்தில் ஒளிந்திருக்கலாம் என்றார். அதனால் கதிரியக்க வெப்பத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கன மீட்டர் பாறை மைக்ரோவாட் ஒன்று வீதம் வெப்பம் உண்டாக்கினால், அது வெளியேறவே வழியில்லை என்றால், பத்து லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 டிகிரி ஏறும். இரண்டு மைக்ரோவாட் என்றால் 24. மூன்று கோடி ஆண்டில் 700 டிகிரி! உண்மையில் வெப்பம் கசியத்தான் செய்யும். ஆனால் கண்டங்கள் மோதி மேலோடு இரண்டு மடங்கு தடித்திருந்தால், வெளியேற வேண்டிய தூரமும் இரண்டு மடங்கு, நேரம் நான்கு மடங்கு. அதோடு நடுவில் இருக்கும் பாறை சூடாகச் சூடாக வாசலைத் தானே சாத்திக்கொள்கிறது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறதே, அது தென்கோடியின் இதே வகைப் பாறைகள் சிதைந்து வந்ததுதான். வெப்பத்துக்கான எரிபொருள் நம் பாறைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

---

அடித்தளப்பாறை — புதன், இரவு 8:00

இது நல்ல வாதம். ஆனால் எல்லாப் பாறைக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். வட தமிழ்நாட்டின் சார்னோக்கைட் என்ற வகைப் பாறைகளில் கதிரியக்கத் தனிமங்கள் மிகக் குறைவு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ளவற்றில்தான் கூடுதல். உங்கள் பாறை தெற்கில் இருப்பதால் தப்பித்தீர்கள். மாக்மாவை நான் இன்னும் கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்ற அளவுக்கு வருகிறேன்.

---

உலைக்காரர் — புதன், இரவு 9:30

கெல்வின் பிரபு பூமியோட வயசைத் தப்பாச் சொன்னதும் இதனாலதானா? கதிரியக்கம் தெரியாததால தப்பு பண்ணினார்னு பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகம்.

---

வெப்பவியல் வாத்தியார் — வியாழன், காலை 6:10

நாங்களும் அப்படித்தான் பல ஆண்டு பாடம் நடத்தினோம். அது சரியல்ல, திருத்தியாக வேண்டும்.

கெல்வினிடம் இருந்தது எடின்பரோவில் ஃபோர்ப்ஸ் 1837 முதல் மண்ணிலும் பாறையிலும் புதைத்து வைத்த வெப்பமானிகளின் பதிவு. கோடையின் வெப்பம் ஒவ்வொரு ஆழத்துக்கும் எத்தனை நாள் கழித்து இறங்குகிறது என்று பார்த்து விரவுதிறனைக் கணித்தார். அழகான வேலை அது. பூமி 3,900 டிகிரியில் தொடங்கிக் குளிர்ந்தது என்று கொண்டு 1862-இல் 9.8 கோடி ஆண்டு என்றார். எடின்பரோவின் குளிர்ந்த தரையில் கிடைத்த எண்ணை பூமி முழுமைக்கும் போட்டார் என்பது உண்மைதான். ஆனால் சூடான பாறையின் எண்ணைப் போட்டிருந்தாலும் வயது இரண்டு மடங்காகி 20 கோடியில் நின்றிருக்கும். பூமியின் உண்மை வயதான 454 கோடி எங்கே?

பெரிய தவறு வேறு. பூமியின் உட்புறம் நகராத திடப்பொருள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-இலேயே இதைச் சொன்னார். உள்ளே வெப்பம் எளிதாக நகர முடிந்தால் மேற்பரப்பின் அருகே வெப்பச்சரிவு பல நூறு கோடி ஆண்டு செங்குத்தாகவே நிற்கும் என்று காட்டினார். அப்போது கதிரியக்கமே கண்டுபிடிக்கப்படவில்லை. பெர்ரிக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம்.

---

ஆய்வகத்தேனீ — வியாழன், இரவு 9:05

கடத்தல் மட்டும் இருந்தால் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு நேரில் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. ஹவாயில் 1959 நவம்பர், டிசம்பரில் கிலாவேயா இக்கி என்ற பள்ளம் குழம்பால் நிறைந்து நூறு மீட்டருக்கு மேல் ஆழமான எரிமலைக்குழம்பு ஏரியானது. 1960 முதல் 1988 வரை அதன் உறைந்த ஓட்டின் மேல் நின்றே துளையிட்டு அளந்தார்கள். முழுதும் உறைய 35 ஆண்டு போல ஆனது. மேல் ஓட்டின் விரிசல்களில் மழைநீர் இறங்கிக் கொதித்ததால் அந்தப் பகுதி 100 டிகிரியிலேயே நின்றது. தண்ணீர் எட்டாத ஆழத்துக்குக் கீழே போனதும் வெப்பநிலை செங்குத்தாக ஏறிவிடும். அங்கே வெப்பத்துக்கு வேறு வழியில்லை, கல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஹவாயில் ஓடிவந்து நின்ற குழம்பின் மேல் ஒரு மீட்டர் ஓடு கட்ட ஏறத்தாழ ஒரு வாரம். இரண்டு மீட்டருக்கு நான்கு வாரம். அதே வர்க்கக் கணக்கு.

ஐஸ்லாந்தின் ஹெய்மாயி தீவில் 1973-இல் துறைமுகத்தைக் காக்க 60 லட்சம் கன மீட்டர் கடல்நீரைக் குழம்பின் மேல் பாய்ச்சினார்கள். கல் தானாகக் குளிரட்டும் என்று விட்டிருந்தால் ஊர் காத்திருந்திருக்க முடியாது. பிறகு அதே குழம்புக்குள் தங்கியிருந்த வெப்பத்தை எடுத்துப் பல ஆண்டு வீடுகளைச் சூடாக்கிக்கொண்டார்கள்.

---

மலைச்சாலை — வெள்ளி, இரவு 8:40

அக்கா, ஆசிரியரிடம் பேசிவிட்டேன். கங்குவார்பட்டித் துண்டில் ஒரு பகுதியை அளக்க அனுப்ப அனுமதி கிடைத்தது. எப்படி அறுக்க வேண்டும்?

---

ஆய்வகத்தேனீ — வெள்ளி, இரவு 9:25

மகிழ்ச்சி. நீங்கள் வில்லையாக அறுக்க வேண்டாம், முஷ்டி அளவுத் துண்டாகவே அனுப்புங்கள். வானிலையில் பழுப்பேறிய மேல்தோல் இல்லாமல் உள்கல்லாக இருக்கட்டும். மணி பெரிதாக இருந்தால் ஒரு மி.மீ. வில்லை ஒரே கனிமத்தை மட்டும் பிடித்துவிடும், அதனால் கனமாக நான்கைந்து வில்லை எடுப்பேன்.

முக்கியமான ஒன்று. பாறையில் வரி ஓடினால் எந்தத் திசை என்று பேனாவால் அம்புக்குறி போடுங்கள். குவார்ட்ஸ் படிகம் அதன் நெட்டச்சு வழியே கடத்துவது குறுக்கே கடத்துவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வரியோடு ஒரு வில்லை, வரிக்குக் குறுக்கே ஒரு வில்லை அறுப்போம். 573-ஐத் தாண்டும் முன் நிறுத்தி முதல் சுற்றை முடித்துவிட்டு, புதிய வில்லையில் 900 வரை நிமிடத்துக்கு இரண்டு டிகிரியாக மெல்ல ஏற்றுகிறேன். இம்முறை அவசரப்பட மாட்டேன்.